1918 – 1919 இன்புளுவென்சாவும் இலங்கைத் தமிழர் வீடுகளிற் குழந்தைப் பராமரிப்பும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. இறுதியிற் கூறப்படுபவரை ‘உழைச்செல்வான்’ என அவர் குறிப்பிடுவர். மருத்துவ வரலாறு எழுதப் புகுந்தோர் முதல் மூன்று கூறுகளையும் ஓரளவு விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். நான்காவது கூறு பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பமே. இதற்குக் காரணம் வெளிப்படையானது. வைத்தியருக்குப் பட்டமும் பதிவும் உண்டு. மருந்துக்கு ஏடும் விலையும் உண்டு. நோயாளி இறந்துபட்டால் இறப்புப் பதிவேட்டில் ஓர் இலக்கமாகவேனும் இடம்பெறுவார். பாயருகே இரவு முழுவதும் விழித்திருந்த தாய்க்கோ பாட்டிக்கோ எந்த ஏட்டிலும் இடமில்லை. வள்ளுவர் ஆண்பாலாற் சுட்டிய அப்பணியை நடைமுறையிற் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தனர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இந்நான்கு கூறுகளில் இரண்டு முற்றாகச் செயலிழந்து போனதொரு காலம் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1918 – 1919 இல் இன்புளுவென்சாக் கொள்ளைநோய் பரவிய காலமே அது. அக்காலத்திற் காய்ச்சலுற்ற குழந்தையை வீட்டில் வைத்துப் பராமரித்தல் எத்தகைய பணியாக இருந்திருக்கும், அப்பணிக்கு எவ்வறிவு துணைநின்றது, எச்சமூக நிலைமைகள் தடையாயின என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

முதலில் நோயின் பரம்பலை நோக்குவோம். முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டில் உலகெங்கும் பரவிய இக்காய்ச்சல், 1918 ஜூன் மாதத்திற் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தது. அதன் முதலாவது அலை ஒப்பளவிற் கடுமை குறைந்தது. அவ்வாண்டின் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் எழுந்த இரண்டாவது அலையே பேரழிவை விளைத்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என ஆய்வாளர் கணிப்பர். இலங்கை இவ்வழிவினின்றும் தப்பவில்லை. 1891 முதல் 1931 வரையிலான ஐந்து குடித்தொகைக் கணிப்புகளை ஒப்புநோக்கி 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இக்கொள்ளைநோயால் இலங்கைக்கு ஏற்பட்ட குடித்தொகை இழப்பை ஏறத்தாழ 307,000 எனக் கணித்துள்ளது. இது அன்றைய குடித்தொகையில் 6.7 சதவீதமாகும். இறந்தோரின் தொகை மட்டுமன்றி, நோயின் விளைவாகப் பிறவாது போன குழந்தைகளின் தொகையும் இவ்விழப்பினுள் அடங்கும். முன்னைய கணிப்புகள் இதனிலும் மிகக் குறைவான தொகைகளையே தந்தன.

இவ்வாய்வு தரும் மற்றொரு முடிபும் கருத்திற்கொள்ளத்தக்கது. நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் நோய் 1918 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் உச்சத்தை அடைந்தது. மத்திய பகுதியிலோ 1919 மார்ச் மாதத் தொடக்கத்திலேயே உச்சம் காணப்பட்டது. இரு வேறு வாயில்களினூடாக நோய் நாட்டினுட் புகுந்தமையை இது காட்டுகிறது. கொழும்புத் துறைமுகம் உலகக் கப்பற் பாதையில் இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 இல் தொடங்கப்பட்ட கப்பற் சேவை, தென்னிந்தியப் புகைவண்டிப் பாதையை இலங்கைப் பாதையுடன் இணைத்திருந்தது. குடியேற்ற ஆட்சியாளர் வாணிபத்துக்கும் தொழிலாளர் வரவுக்குமென அமைத்த வழிகள் நோய்க்கும் வழிகளாயின.

அரசின் கையிற் சட்டம் இல்லாமலில்லை. 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடைகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆயின், கப்பலைத் தடுத்து நிறுத்தி நோயாளரைப் பிரித்தெடுக்கும் முறை, கொள்ளைநோய், வாந்திபேதி போன்றவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதாகும். இன்புளுவென்சா அவற்றினின்றும் வேறுபட்டது. நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே நோயுற்றவரிடமிருந்து அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். துறைமுகத்தில் நலமுடையவராகத் தோன்றியவர் வீட்டை அடைந்தபின் நோயாளியாவார். எனவே, துறைமுகத்தில் நடைபெற வேண்டிய போராட்டம் வீட்டு விறாந்தைக்கு இடம்மாறியது எனலாம்.

வைத்தியரின் நிலை யாது? நோயின் காரணமே அன்று அறியப்படவில்லை. 1892 இல் ஜேர்மனிய அறிஞர் பைபர் கண்டறிந்த ஒரு பற்றீரியாவே இன்புளுவென்சாவுக்குக் காரணம் என்னும் கருத்து 1918 இலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. உண்மையான காரணி ஒரு வைரசு என்பதும், அது மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டதும் 1933 இலேயே நிகழ்ந்தன. அக்காய்ச்சலில் இறந்தோரிற் பெரும்பாலோர் அதனைத் தொடர்ந்து பற்றிய பற்றீரிய நியூமோனியாவாலேயே இறந்தனர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. நியூமோனியாவை எதிர்க்கவல்ல சல்பா மருந்துகள் 1930 களிலேயே வந்தன. பெனிசிலின் 1928 இற் கண்டுபிடிக்கப்பட்டு, 1940 களிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே, 1918 இல் இலண்டன் மாநகரின் சிறந்த வைத்தியருக்கும் யாழ்ப்பாணக் கிராமத்துப் பரியாரியாருக்கும் இடையே, இந்நோயின் காரணியை அழிக்கும் ஆற்றலைப் பொறுத்தவரை, வேறுபாடு இருக்கவில்லை. வைத்தியரும் மருந்தும் ஒருங்கே கைவிட்ட நிலையில் எஞ்சியோர் இருவரே: நோயுற்ற குழந்தையும் அருகிருந்தவளும்.

அருகிருந்தவளின் கையில் இருந்தவை யாவை? முதலாவதாக, மரபுவழி அறிவைக் குறிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் ஈழத்துத் தமிழ் மருத்துவத்தின் பெருஞ்செல்வங்களாம். பரராசசேகரத்திற் குழந்தை நோய்களுக்கெனப் பாலரோக நிதானம் என்னும் தனிப்பகுதி உண்டு. ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் இந்நூலைப் பதிப்பித்து அச்சிற் கொணர்ந்தது கொள்ளைநோய் ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரே. 1918 இல் இவ்வறிவு ஏட்டுச் சுவடிகளிலும் பரம்பரை வைத்தியர் நினைவிலுமே தங்கியிருந்தது. அவர்களிடமிருந்து கசிந்து வந்த கைமருந்தறிவே வீட்டுப் பெண்களின் உடைமையாயிற்று. மல்லியும் வேர்க்கொம்பும் இட்டு அவித்த நீர், நொச்சியிலை வேது, ஆடாதோடைக் கஷாயம், துளசிச் சாறு, அரிசிக் கஞ்சி ஆகியன இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றன.

இவற்றின் பயனை இன்றைய அறிவு கொண்டு நிறுத்துப் பார்த்தல் தகும். மல்லிநீரிலோ கஞ்சியிலோ வைரசைக் கொல்லும் ஆற்றல் இருந்ததெனக் கூறுதற்கில்லை. ஆனால், காய்ச்சலால் வேகமாக நீரிழக்கும் குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொதித்தாறிய நீரையும் உப்பிட்ட கஞ்சியையும் புகட்டியவள், தான் அறியாமலே இன்றைய வைத்தியர் முதலிற் கூறும் அறிவுரையை நிறைவேற்றினாள். குழந்தையின் உடல் சிறிது. அது நீரிழந்து சோரும் வேகமோ பெரிது. ஒரு சங்களவு நீரைப் பத்து முறை ஊட்டுதற்கு வேண்டியது மருந்தன்று, பொறுமையே. நெற்றியைத் துடைத்தலும், மூக்கடைப்பை நீக்கிப் பால் குடிக்கச் செய்தலும், தலையை உயர்த்திக் கிடத்துதலும், மூச்சு ஓடும் விதத்தை இருளில் உற்றுக் கேட்டலும் அவ்வாறே. இவற்றை வைத்தியம் என எவரும் அழைக்கவில்லை. ஆயினும், மருந்தில்லாத காலத்தில் வைத்தியத்தின் முழுமையும் இவையே.

இதனாற் பழமை யாவும் நன்மை எனக் கொள்ளுதல் வரலாற்றுணர்வாகாது. காய்ச்சலுக்கு உண்ணாமை மருந்து என்னும் கொள்கை வளர்ந்தோர்க்குப் பொருந்தினும், பால்குடிக்கும் குழந்தைக்குக் கேடானது. காற்றுப் பட்டால் வருத்தம் கூடும் என்று கதவடைத்துப் புகையிடும் வழக்கம், மூச்சுத் திணறும் குழந்தைக்கு மேலும் இடர் தந்திருக்கும். வேது பிடிக்கும் கொதிநீர்ப் பானையாற் குழந்தைகள் சுடுபட்டு வருந்தும் ஆபத்தும் உண்டு. மேனாட்டு மருத்துவமும் தவறுகளுக்கு விலக்கன்று. 1899 இல் விற்பனைக்கு வந்த அஸ்பிரின், 1918 இற் பல நாடுகளிற் பேரளவிற் கொடுக்கப்பட்டது. இன்புளுவென்சாவுற்ற குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்தல் மூளையையும் ஈரலையும் தாக்கும் றேயின் நோய்க்கு ஏதுவாகலாம் என்னும் எச்சரிக்கை 1980 களிலேயே பரவலாயிற்று.

தொற்று என்னும் கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. அம்மாள் வருத்தம் எனப்பட்ட வைசூரி வந்த வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகப்படும். பிறர் உள்ளே வருதல் தவிர்க்கப்படும். நோயாளி வேறிடத்திற் கிடத்தப்பட, ஒருவரே பணிவிடை செய்வார். சமய வழக்கமாகத் தோன்றும் இவ்வொழுகலாற்றினுள் நோயாளியைத் தனிப்படுத்தும் அறிவு பொதிந்திருந்தது. ஆனால், இன்புளுவென்சா அம்மாளின் கோலத்தில் வரவில்லை. தடிமனும் இருமலும் உடலுளைவுமாக, ஆண்டுதோறும் வரும் மழைக்காலக் காய்ச்சல் போலவே வந்தது. தடிமனுக்கு வேப்பிலை கட்டும் வழக்கம் இல்லை. மேலும், வருத்தம் பார்க்கப் போதல் உறவின் கடனாகக் கருதப்படும் சமூகம் நம்முடையது. போகாதிருத்தல் பகைக்கு ஏதுவாகும். அன்பின் வெளிப்பாடான இவ்வழக்கமே நோயை வீடுதோறும் கொண்டு சென்றிருக்கும் என ஊகித்தல் பிழையாகாது. தற்காப்பு அறிவு இருந்தும், நோயின் புதிய முகத்தை அடையாளங் காணாமையால் அது பயன்படாது போயிற்று.

இனி மலையகத்தை நோக்குவோம். ‘குழந்தையை வேறோர் அறையில் வைத்துப் பராமரிக்க’ என்னும் அறிவுரை வேறோர் அறை உண்டு என்பதை முற்கோளாகக் கொள்கிறது. பெருந்தோட்ட லயங்களில் ஒரு குடும்பத்துக்குரியது ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒற்றை அறை. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் மரணமும் அவ்வோரறையிலேயே நிகழ்ந்தன. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அங்கு ஒரு குழந்தையின் இருமல் லயம் முழுவதற்கும் உரியதாகும்.

இடம் மட்டுமன்றி நேரமும் அத்தாய்க்குச் சொந்தமாக இருக்கவில்லை. தோட்டத்தில் அன்றன்று வேலைக்குச் சென்றோர்க்கே பேர் போடப்படும். பேர் இல்லையேற் கூலி இல்லை. கங்காணியிடம் பட்ட கடனோ நாள் தவறாது வளரும். தொழிலாளரைக் கடனாற் பிணித்த துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. ஆகக்குறைந்த கூலியை நிர்ணயிக்கும் சட்டம் 1927 இலேயே வந்தது. இவ்விரண்டுக்கும் முற்பட்ட 1919 மார்ச் மாதத்தில், காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையருகே ஒருநாள் அமர்ந்திருப்பதன் விலை ஒருநாட் கூலியாகும். அவ்வாண்டு அரிசித் தட்டுப்பாடு நிலவிய ஆண்டு என்பதையும் சேர்த்து நோக்கின் அவ்விலையின் கனம் புலனாகும். யாழ்ப்பாணத்துத் தாய் அறியாமையோடு போராடினாள் எனின், மலையகத்துத் தாய் அறியாமையோடு பொருளாதார அமைப்போடும் போராடினாள். பராமரிப்பு என்பது அன்பின் அளவை மட்டும் பொறுத்ததன்று. நேரம், இடம், உணவு ஆகியவற்றின் பங்கீட்டையும் பொறுத்தது என்னும் உண்மையை இவ்விரு நிலைமைகளின் ஒப்பீடு உணர்த்துகின்றது.

இப்பணியின் இன்னொரு விலையும் உண்டு. பொதுவாக இன்புளுவென்சா குழந்தைகளையும் முதியோரையுமே பெரிதும் கொல்லும். 1918 இல் வந்த வைரசோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையும் பேரெண்ணிக்கையிற் கொன்றது. கருவுற்ற பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இந்தியாவில் ஆண்களிலும் பெண்களே அதிகமாக இறந்தனர் என்பது பதிவுகளால் அறியப்படுகின்றது. ஊட்டக் குறைவோடு நோயாளரைப் பராமரிக்கும் பொறுப்பும் அதற்குக் காரணமென ஆய்வாளர் கருதுவர். குழந்தையின் மூச்சுக்கு மிக அருகே தன் முகத்தை வைத்திருந்தவள் தாயே. முகக்கவசமோ மாறிப் பணிசெய்ய ஆளோ அவளுக்கு இல்லை. குழந்தை பிழைக்கத் தாய் இறந்த வீடுகளும் இருந்திருக்கும். அக்குழந்தைகளைப் பின்னர் வளர்த்தோர் யார் என்பதும் எழுதப்படாத வரலாறே.

பதிவுகளின் மௌனத்துக்கு மற்றுமொரு காரணம் உண்டு. அக்காலத்திற் கிராமங்களில் இறப்புக்குரிய காரணம் பெரும்பாலும் வைத்தியராற் கூறப்படுவதில்லை. உறவினர் சொல்வதையே பதிவுகாரர் எழுதிக்கொள்வார். காய்ச்சல் எனவும், குழந்தையாயின் வலிப்பு, மாந்தம் எனவும் எழுதப்படும். மேற்குறித்த 2014 ஆம் ஆண்டின் ஆய்வும், இன்புளுவென்சா மரணங்கள் குறைவாகவே பதியப்பட்டிருத்தல் வேண்டும் எனக் கருதுகிறது. இறந்த குழந்தையின் நோயே சரியாகப் பதியப்படாதவிடத்துப் பிழைத்த குழந்தையைக் காத்தவளின் பெயரை எங்கே தேடுவது?

இவ்விடத்தில் மொழி பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பிளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859 இல் எழுதிய தாதிமை பற்றிய சிறுநூல், பயிற்சி பெற்ற தாதியருக்கென எழுதப்பட்டதன்று. வீட்டில் நோயாளரைப் பராமரிக்க நேரும் சாதாரணப் பெண்களுக்கென எழுதப்பட்டது. காற்றோட்டம், தூய்மை, அமைதி, உணவு என்பனவே அதன் பொருள். இத்தகைய அறிவைத் தமிழிற் கொணரும் முயற்சி நம் மண்ணில் அதே காலத்திலேயே தொடங்கியிருந்தது. மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்திய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1850 களில் உடலமைப்பையும் சுகாதாரத்தையும் பற்றிய நூலைத் தமிழிலே தந்தார். மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1873 இல் அவர் நாடு திரும்பிய பின்னர் அம்முயற்சி தொடர்ச்சி பெறவில்லை. 1870 இற் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே இயங்கியது. 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கெனத் தோன்றியமை பெரும்பேறே. எனினும், ஒரு வைத்தியசாலைக்குள் ஊர் முழுவதும் அடங்காது. வீட்டுக்குள் அறிவு செல்வதற்குரிய வாயில் தாய்மொழியே. அவ்வாயில் திறந்த சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டதன் விளைவை 1918 இன் தாய்மார் சுமந்தனர் எனக் கூறுதல் மிகையாகாது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. தடுப்பூசி உண்டு, வைரசை எதிர்க்கும் மருந்தும் உண்டு. ஆயினும், இன்புளுவென்சாவுற்ற குழந்தைகளிற் பெரும்பாலோர் இன்றும் வீட்டிலேயே குணமடைகின்றனர். ஓய்வு, அடிக்கடி நீராகாரம், தாய்ப்பாலை நிறுத்தாமை, அளவறிந்து கொடுக்கும் பரசிற்றமோல், திறந்த சாளரம், கைகழுவுதல், ஒருவரே பணிவிடை செய்தல் என்பனவே இன்றும் அடிப்படை. நம் நாட்டிற் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கக்கூடுமாதலால் அஸ்பிரினை விலக்கல் இருமடங்கு இன்றியமையாதது. எப்போது வீட்டை விட்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதே 1918 இன் தாய்க்குத் தெரியாததும் இன்றைய தாய்க்குத் தெரிய வேண்டியதுமான செய்தி. இரண்டு மாதம் நிறைந்து ஓராண்டு நிறையாத குழந்தை நிமிடத்துக்கு ஐம்பது முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை நாற்பது முறையோ அதற்கு மேலோ மூச்செடுப்பின் அது வேகமான மூச்சு என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. நெஞ்சு உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, எழுப்பியும் விழியாத மயக்கம் என்பனவும் அபாயக் குறிகள். இவற்றை அறிதற்குக் கருவி வேண்டியதில்லை. அன்று இருளில் மூச்சை உற்றுக் கேட்டவளின் செயலுக்கு இன்றைய விஞ்ஞானம் ஓர் எண்ணைத் தந்துள்ளது, அவ்வளவே.

2021 ஆம் ஆண்டிற் கொரோனா நோயாளரால் வைத்தியசாலைகள் நிரம்பியபோது, அறிகுறி குறைந்தோரை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் ஏற்பாட்டை நம் நாட்டு அரசு மேற்கொண்டது. வீடு ஒரு வைத்தியசாலை என்பதை அரசு அன்று ஏற்றுக்கொண்டது. ஆனால், அவ்வைத்தியசாலையிற் பணியாற்றியோர்க்குச் சம்பளமில்லை, விடுமுறையில்லை. லயத்து அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் உள. நாட்கூலியை இழந்தே பிள்ளையின் அருகிருக்க வேண்டிய தாய்மாரும் இன்றும் உளர். எனவே, 1919 மார்ச் மாதத்தின் கேள்வி முடிந்து போன கேள்வியன்று.

கொள்ளைநோயை நேரிற் கண்டோர் இன்று இல்லை. அவர்களிடமிருந்து கேட்டோரும் அருகி வருகின்றனர். பல்கலைக்கழக மாணவராகிய நாம் விடுமுறையில் ஊர் செல்லும்போது, நம் பாட்டிமாரிடம் அவர்தம் தாய்மார் கூறிய காய்ச்சற் கதைகளையும் கைமருந்து முறைகளையும் கேட்டு எழுதி வைத்தல் பயனுள்ள பணியாகும். அரசர் பெயரும் ஆளுநர் பெயரும் ஏடுகளில் உள. அவற்றை நூலகத்தில் எப்போதும் எடுத்துப் படிக்கலாம். வள்ளுவர் சுட்டிய நான்காம் கூறின் வரலாறோ அடுக்களைகளிலும் லயத்து வாயில்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அது அங்கும் நெடுங்காலம் நில்லாது.